மூட்டைக்குள் இருப்பதற்கு யார் பொறுப்பு? தீவனத்துக்குத் தரச்சான்று கேட்போம்!

(பால் உற்பத்தியாளர் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



கொள்முதல் விலை, ஊக்கத்தொகை, பால் பணப் பாக்கி எல்லாம் இந்த மேடையில் எத்தனையோ தடவை பேசியாச்சு. இன்னிக்கு அதுக்கு முந்தின சங்கதியைப் பேசணும். நாம காசு கொடுத்து வாங்கி, மாட்டுத் தொட்டியில் கொட்டுற தீவனம். அந்த மூட்டைக்குள் என்ன இருக்குன்னு யாராவது நமக்குப் பொறுப்பாகச் சொல்கிறார்களா? இதுதான் கேள்வி.

ஒரு கணக்கு சொல்றேன். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. அதில் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்-1 என்ற பூஞ்சை நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது. எந்த மாநிலத்தில் அதிகம்? நம்ம தமிழ்நாட்டில்! 551 மாதிரி எடுத்ததில் 88. நூற்றுக்கு ஏறக்குறைய 16.

செய்தி வந்தவுடனே ஊரெல்லாம் என்ன பேசினார்கள்? "பால்காரன் கலப்படம் பண்றான்." ஐயா, இது தண்ணி ஊத்துற விவகாரம் இல்லை. பாலில் எவனும் இதைக் கலக்க முடியாது, கலக்கவும் மாட்டான். தீவனம் வழியாகத்தான் இது வருகிறது என்று ஆணையமே சொன்னது. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் கூடுதலாக இருந்தது என்றும் சொன்னது. ஆனால் பழி மட்டும் மாடு வளர்க்கிறவன் தலையில்.

நஞ்சு எப்படி வருகிறது?

கடலை, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் இவையெல்லாம் ஈரத்தோடு கிடந்தால் ஒரு வகைப் பச்சைப் பூஞ்சை பிடிக்கும். அது விடுகிற நஞ்சுதான் அஃப்ளாடாக்சின் பி-1. மாடு அதைத் தின்றால் ஒரு நாளுக்குள்ளேயே எம்-1 ஆக மாறிப் பாலில் இறங்க ஆரம்பிக்கிறது. காய்ச்சினாலும் போகாது, பதப்படுத்தினாலும் போகாது. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூணு நாலு நாளில் பால் தெளிந்துவிடும். அப்படியென்றால் வைத்தியம் பாலில் இல்லை, தீவனத்தில்தான் இருக்கு.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் இந்த நஞ்சை உலகம் கண்டுபிடித்தது. காரணம், பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. நம் நாட்டில் 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்கள் நம்மைப் போன்ற ஏழைக் குடியானவர்கள். மழையில் நனைந்த சோளத்தைத் தவிர வேறு தானியம் வீட்டில் இல்லாதவர்கள்.

தீவனத்தில் ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2052 என்ற தரம். அது எவ்வளவு? 50 கிலோ மூட்டை இருபதில் மொத்தமாக 20 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கண்ணால் பார்த்தோ மோந்து பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியுமா? வேகவைத்து, அரைத்து, குச்சித் தீவனமாக்கி, வெல்லப்பாகு வாசனையோடு வந்தால் பூஞ்சை பிடித்த புண்ணாக்கு எது, நல்ல புண்ணாக்கு எது என்று மாட்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதனால்தான் சோதனையும் சான்றும் வேணும்கிறோம்.

சட்டத்தில் ஓட்டை

2006-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் "உணவு" என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்த இடத்திலேயே, கால்நடைத் தீவனம் இதில் சேராது என்று எழுதிவிட்டார்கள். நியாயத்தைப் பாருங்க. மாடு கொடுக்கிற பால் உணவு, அதற்குச் சோதனை உண்டு, நடவடிக்கை உண்டு. அந்த மாடு தின்கிற தீவனம் உணவு இல்லை!

2020 ஜனவரியில் ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. பால், இறைச்சி தரும் கால்நடைகளுக்கு விற்கிற தீவனம் தர நிர்ணய அமைப்பின் தரத்தில் இருக்கணும், மூட்டையில் தரமுத்திரை இருக்கணும் என்றது. நல்ல உத்தரவு, நாமும் வரவேற்றோம். ஆனால் அமலுக்கு வரும் தேதியை ஒரு தடவைக்கு மேல் தள்ளி வைத்தார்கள். பஞ்சாபில் 1988-லேயே மாட்டுத் தீவனத்துக்குத் தனியாக ஒழுங்குமுறை ஆணை போட்டார்கள். நாம இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

மில் வாசலில் மட்டும் முத்திரை குத்தினால் போதுமா?

போதாது. தீவனம் எத்தனை கை மாறி வருது பாருங்க. காட்டில் விளைந்த சோளம் களத்துக்கு, களத்தில் இருந்து வியாபாரி கிடங்குக்கு, எண்ணெய் மில்லுக்கு, தீவன மில்லுக்கு, லாரிக்கு, மொத்தக் கடைக்கு, ஊர்க் கடைக்கு. இதில் எந்த இடத்தில் ஈரம் பட்டாலும் கதை முடிந்தது. மில்லில் சுத்தமாக வந்த மூட்டையை, ஓடு ஒழுகுற கிடங்கில் வெறும் தரையில் அடுக்கினால் முத்திரை என்ன செய்யும்?

ஜெர்மனியில் 2011 ஜனவரியில் நடந்ததைக் கேளுங்க. தொழிற்சாலை உபயோகத்துக்கான கொழுப்பு தீவனத்தில் கலந்துவிட்டது. டையாக்சின் என்ற நஞ்சு முட்டை வரைக்கும் போனது. 4,700-க்கு மேற்பட்ட பண்ணைகளை மூடினார்கள். தப்பு நடந்தது கொழுப்பு சப்ளை செய்த இடத்தில், வாசல் அடைபட்டது விவசாயிக்கு. ஆனாலும் எந்தச் சரக்கு எந்தப் பண்ணைக்குப் போனது என்று அங்கே கணக்கு இருந்தது. அதை வைத்துத்தான் தேடிப் பிடித்தார்கள். நம்ம ஊரில் ஒரு மாடு விழுந்தால் அந்த மூட்டை எங்கிருந்து வந்ததுன்னு கடைக்காரரால் சொல்ல முடியுமா? பில்லே கிடையாதே!

நம்ம பகுதியில் நடந்ததையும் சொல்லணும். கட்டி தட்டிப்போன தீவனத்தைத் திருப்பிக் கொண்டுபோன நம் உறுப்பினரிடம், "இது எங்க கடை மூட்டைதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். அவர் வாயடைத்து நின்றார். மாடு பால் வற்றி நின்றது. பால் சொசைட்டிக் கடன் மட்டும் நிற்கவில்லை.

சிறு விவசாயியின் முதுகில் ஏற்றாதே

இன்னொரு பக்கமும் இருக்கு. சான்று, சான்று என்று சொல்லி அதற்கான செலவு முழுவதையும் மூட்டை விலையில் ஏற்றினால் நமக்கு என்ன லாபம்? சின்னச் செக்கு வைத்திருப்பவரும், உள்ளூரில் தவிடு புண்ணாக்கு அரைத்துக் கலக்கிறவரும் கட்டணம் கட்ட முடியாமல் மூடிவிட்டுப் போனால், பெரிய கம்பெனி வைத்ததுதான் விலை. ஆகவே அளவுக்கு ஏற்ற கட்டணம் வேண்டும். சிறியவர்களுக்கு அரசே செலவை ஏற்க வேண்டும்.

நம் கோரிக்கைகள்

1. கால்நடைத் தீவனத் தயாரிப்பு, விற்பனைக்கு உரிமமும் தரமும் கட்டாயமாக்கும் தனிச் சட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவர வேண்டும்.

2. ஒவ்வொரு மூட்டையிலும் தயாரிப்பாளர் பெயர், தயாரித்த தேதி, தொகுதி எண், சேர்த்த பொருள்கள், புரதம், ஈரப்பதம் எல்லாம் தமிழில் அச்சிடப்பட வேண்டும்.

3. மில்லுக்கு மட்டுமல்ல, கிடங்கு, லாரி, கடை என எல்லாக் கண்ணிக்கும் சோதனையும் சான்றும் வேண்டும்.

4. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. அதுபோல மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும். விவசாயி கொண்டுவரும் மாதிரிக்குக் கட்டணம் கூடாது.

5. சங்கிலியின் முதல் கண்ணி நாமதான். கடலையும் சோளமும் ரோட்டில் காயாமல் இருக்க, ஊராட்சிதோறும் உலர்களமும் தார்ப்பாயும் வேண்டும்.

6. பாலில் நஞ்சு தெரிந்தால் தீவனத்தைத் தேடிப் பிடி. பாலைத் திருப்பி அனுப்பி விவசாயியைத் தண்டிக்காதே. நட்டத்துக்கு ஈடு கொடு.

நாம இன்றே செய்யக்கூடியது

பில் இல்லாமல் மூட்டை வாங்காதீங்க. விதை வாங்குற விவசாயி நுகர்வோர்தான் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. தீவனத்துக்கும் அந்த நியாயத்தை நுகர்வோர் மன்றத்தில் கேட்கலாம். கேட்கப் போனால் கையில் பில் இருக்கணும். மூட்டை பிரித்ததும் இரண்டு கை அள்ளி ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, காய்ந்த இடத்தில் வையுங்க. அந்த மூட்டை தீர்ந்து ஒரு மாதம் வரைக்கும் இருக்கட்டும். மூட்டையைப் பலகை மேல் அடுக்குங்க, சுவரை ஒட்ட வேண்டாம். பூஞ்சை பிடித்ததை மாட்டுக்குப் போடாமல் கோழிக்கும் வாத்துக்கும் போடுகிறார்கள், அதுவும் ஆகாது. அவைதான் இந்த நஞ்சில் முதலில் விழும். கன்றுக்குட்டிக்கும் கூடவே கூடாது.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எல்லாரும் வரணும். ஒவ்வொருவரும் வீட்டில் கிடக்கிற காலித் தீவனச் சாக்கு ஒன்றைக் கொண்டு வாங்க. தேதி அச்சிட்ட சாக்கும் வரட்டும், ஒன்றுமே அச்சிடாத சாக்கும் வரட்டும். ஆட்சியர் மேசை முன்னால் பிரித்துக் காட்டுவோம். எந்த மூட்டைக்கு யார் பொறுப்பு என்று அங்கேயே கேட்போம்.

தீவனத்துக்குத் தரச்சான்று கொடு!
மாடு வளர்ப்பவன் மேல் பழி போடாதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!