செம்புக்காசு சொல்லும் சான்று

(திருத்தணிகையில் தமிழ் மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகட்கு முன் என் மாணவன் ஒருவன், கருவூரிலிருந்து உறவினர் கொணர்ந்த சிறு செம்புக்காசு ஒன்றை என்னிடம் காட்டினான். ஆசிரியர்க்குக் காட்டப் போகிறோமே என்னும் அன்பினால், அதனைப் புளியிட்டு நன்கு துலக்கியிருந்தான். காசு பொன்போல் மின்னியது, ஆனால் அதன்மேல் முகமும் இல்லை, எழுத்தும் இல்லை. அளவு நோக்கி, உரோமர் காசாதல் கூடும் என எண்ணினேன். அதற்குமேற் சொல்ல வழியில்லை. ஆற்றுமணல் நெடுங்காலம் காத்துவைத்த எழுத்தை அரை நாழிகையில் புளி தின்றுவிட்டது!

உரோமர் காசு என்றவுடன் பலரும் பொன்னையே நினைப்பர். 1898இல் புதுக்கோட்டைப் பகுதிக் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 பொற்காசுகள் உலகப் புகழ் பெற்றவை. ஆயினும் பொற்காசு செல்வர்தம் புதையல். செம்புக்காசோ அங்காடியில் கைமாறித் தேய்ந்த பொருள். கருவூர் அமராவதியிலும் மதுரை வையையிலும் உரோமரின் சிறு செப்புக்காசுகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. தியோடோசியசு, ஆர்க்காடியசு, ஒனோரியசு முதலிய பேரரசர் காலத்தன, அஃதாவது கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டினவே அவற்றுட் பல. ஈழத்திலும் இவை மிகுதி. அங்கே இவற்றைப் பார்த்து உள்நாட்டிலேயே செய்த போலிக் காசுகளும் உண்டு.

இதில் நாம் கருதத்தக்கது யாது? அந்த நூற்றாண்டுகளையே 'இருண்ட காலம்' என்று நம் பாடநூல்கள் எழுதி வந்தன. காசு அடிக்கப்பட்ட காலத்திற்குப் பின்னும் புழங்கும் என்பது உண்மையே. எனினும், வாணிகம் அற்ற நாட்டிற்கு அயலவர் சில்லறை இத்துணை வந்து குவியுமோ? இருள் நாட்டிலன்று, நம் அறிவிலேயே இருந்தது!

மற்றொன்றும் கேளுங்கள். கழகக் கால வேந்தர் தமக்கெனக் காசு வெளியிட்டதில்லை என்று அறிஞர் சிலர் உறுதியாகவே கூறி வந்தனர். 1980களில், இதழாசிரியரும் காசு ஆய்வாளருமாகிய இரா. கிருட்டிணமூர்த்தி, பழங்காசுகளிடையே 'பெருவழுதி' எனத் தமிழி எழுத்துப் பொறித்த செப்புக்காசைக் கண்டறிந்தார். ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் பாண்டியரின் மீன். பின்னர்க் கருவூரில் 'மாக்கோதை' எனப் பெயர் பொறித்த வெள்ளிக்காசும் வெளிப்பட்டது. அதன் தலையுருவில் உரோமர் காசின் சாயல் தெரிகின்றது. அவற்றையும் யாரேனும் புளியிட்டுத் துலக்கியிருந்தால், பழைய கூற்றே இன்றும் நின்றிருக்கும் அன்றோ!

ஆதலின், மாணவர்களே, பழங்காசு கண்டால் துலக்காதீர். உருக்குவார்க்கு எடைக்குப் போடாதீர். கிடைத்த இடத்தையும் நாளையும் உடனே எழுதிவையுங்கள், எடையையும் விட்டத்தையும் அளந்து குறியுங்கள், இருபுறமும் படமெடுங்கள். இடம் அறியாத காசு, ஊர் சொல்லத் தெரியாத குழந்தை போன்றது. மண்ணிற் புதைந்து கிடைத்த, பத்து உருவாவிற்கு மேல் மதிப்புடைய பொருளை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டம். நூறாண்டு கடந்த காசைத் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புதலை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது.

போராடி, 1960இல் தமிழகத்தோடு இணைந்த ஊர் நம் தணிகை. நிலத்தின் எல்லையைக் காக்கத் தெரிந்த நமக்கு, ஒரு கிராம் செம்பில் அடங்கிய வரலாற்றைக் காத்தல் அரிதாமோ? காப்போம்.