வாயிற்காவலன் யாருக்கு ஆள்?



ஒருவர் ஒரு வீட்டை விலை கொடுத்து வாங்குகின்றார். ஆவணம் அவர் பெயரில் எழுதப்பெறுகின்றது. திறவுகோலும் கைக்கு வருகின்றது. ஆனால் வாயிலில் ஒரு காவலன் நிற்கின்றான். அவனை அமர்த்தியவர் வீட்டைக் கட்டி விற்றவர். எல்லாருக்கும் முன் அவன் விழிக்கின்றான். எவரை உள்ளே விடுவது என்பதை அவனே முடிவு செய்கின்றான். அவனுக்கு இடப்பெற்ற கட்டளை யாது என்று வீட்டுக்காரர் கேட்டால், "அது வணிக மறை" என்று விடை வருகின்றது. இத்தகைய வீட்டை எவரேனும் வாங்குவரோ? வாங்கார் என்பீர்கள். ஆனால் பலருக்கும் செய்தி வழங்கும் வழங்கிக் கணினியை வாங்கும்பொழுது, நன்கு கற்றவர்களும் இதையே செய்துவிடுகின்றனர்.

"கட்டற்ற இயங்குதளமாகிய லினக்சை இட்டுவிட்டோம்; இனிப் பொறி முழுமையும் நம்முடையதே" என்று மகிழ்வோர் பலர். அஃது அரை உண்மையே. மின்விசையை அழுத்திய நொடியில் இயங்குதளம் எங்கோ வட்டில் உறங்கிக் கிடக்கின்றது. செயலிக்கு அப்பொழுது நினைவகம் கூட உதவாது. அதனையும் ஒருவர் எழுப்பிப் பழக்குதல் வேண்டும். அப்பணியைச் செய்வது, தாய்ப்பலகையின் மீது பெரும்பாலும் எட்டுக் கால்களோடு ஒட்டிக்கிடக்கும் ஒரு சிறு சில்லில் எழுதப்பெற்ற தொடக்க நிரல். நினைவகத்தை எழுப்பி, வட்டுகளைக் கண்டறிந்து, பிறகே அது பொறியை இயங்குதளத்தின் கையில் ஒப்படைக்கின்றது. இயங்குதளம் எத்துணைத் தூய்மையானதாக இருப்பினும், தனக்கு முன் எழுந்தவன் சொன்னதை நம்பித்தான் கண்விழிக்கின்றது.

1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபொழுது, அதன் தொடக்க நிரலை வரிக்கு வரி நுட்பக் கையேட்டில் அச்சிட்டே கொடுத்தது. உரிமையையும் கொடுத்ததோ எனில் இல்லை. ஆயினும் படிக்க முடிந்தது. பின்வந்தோர் படிக்கும் வழியையும் அடைத்தனர்.

அடைத்த கதவைத் தட்டியோர் அமெரிக்காவின் இலாசு அலமோசு ஆய்வகத்தார். கணினிகள் பலவற்றை ஒன்றாகக் கோத்து ஒரே பொறியாய் இயக்குவது அவர்தம் பணி. பழைய தொடக்க நிரல்களுக்கு ஒரு குணம் உண்டு. விசைப்பலகை இல்லையெனில் நின்றுவிடும், நின்று, "விசைப்பலகை இல்லை, தொடர ஒரு விசையை அழுத்துக" என்று திரையில் எழுதும். இல்லாத பலகையில் எந்த விசையை அழுத்துவது? ஒரு கணினி என்றால் நகைத்துவிட்டுப் போகலாம். அடுக்கடுக்காய் நூற்றுக்கணக்கில் இருந்தால்? 1999-இல் ரான் மின்னிச்சு என்பாரும் அவர்தம் துணைவரும் அந்நிரலை அகற்றிவிட்டுத் தாமே ஒன்று எழுதத் தொடங்கினர். 'லினக்சுபயாசு' என்று பிறந்த அது, 2008 முதல் 'கோர்பூட்டு' என்னும் பெயரால் வழங்குகின்றது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

"மூடிக் கிடந்தால் என்ன கேடு? ஆக்கியோர் அறிஞர் அல்லரோ?" என்று கேட்பாரும் உளர். 2024-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட செய்தி ஒன்று. தொடக்க நிரலின் தலைமைத் திறவுகோலாக, வெள்ளோட்டத்திற்கென ஆக்கப்பெற்ற ஒரு போலித் திறவுகோலே நூற்றுக்கணக்கான வகைப் பொறிகளில் அப்படியே விற்பனைக்குப் போயிருந்தது. அதன் பெயரிலேயே "நம்பவேண்டா" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது! எழுதியவர் எச்சரித்தே எழுதினார்; பொருத்தியவர் படிக்கவில்லை; வாங்கியவருக்கோ படிக்க வழியில்லை.

வழங்கியில் இன்னுமொரு காவலன் உண்டு. தொலைவிலிருந்தே பொறியை எழுப்பவும் அணைக்கவும் உதவும் மேலாண்மைச் சில்லு அது. வழங்கி அணைந்திருப்பினும் அது விழித்திருக்கும். அத்தகைய சில்லுகள் பலவற்றில் இயங்கும் ஏ.எம்.ஐ. நிறுவனத்தின் நிரலில், கடவுச்சொல் இன்றியே அயலார் நுழையத்தக்க ஓட்டை இருந்தது 2025-இல் வெளியாயிற்று. இவ்விடத்திற்கும் 'ஓப்பன்பிஎம்சி' என்னும் திறந்த நிரல் உண்டு. தொடக்க நிரலை மட்டும் பார்த்து, இச்சில்லைப் பாராது வாங்குவது, தலைவாயிலை அடைத்துக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைப்பதாகும்.

இனி, எதனை வாங்குவது? முழுமையும் திறந்தது வேண்டுவோர்க்கு ஐ.பி.எம்.மின் பவர்9 செயலி உண்டு. அதனைக் கொண்டு இராப்டர் நிறுவனம் ஆக்கிய தாலோசு-2 பலகையின் தொடக்க நிரல் முழுமையும் திறந்தது. விலைதான் நெஞ்சை அடைக்கும். அடுத்து வந்த பவர்10-இல் மூடிய நிரல் நுழைந்துவிட்டமையால் அந்நிறுவனமே அதனை ஏற்கவில்லை. ஏ.எம்.டி.யின் பழைய ஆப்டெரான் செயலிகளுக்கான ஆசுசு கே.ஜி.பி.இ.-டி16 பலகை மலிவு. அதற்கான கோர்பூட்டு 2015-இல் எழுதப்பெற்றது. மின்சாரத்தை மிகுதியாக உண்ணும். 2019-க்குப்பின் கோர்பூட்டின் முதன்மைத் தொகுப்பிலிருந்தும் நீக்கப்பெற்றது. தனிக்குழுவினர் பேணி வருகின்றனர். சூப்பர்மைக்ரோவின் எக்சு11 வரிசைப் பலகைகள் சிலவற்றிலும் கோர்பூட்டு இயங்கும். ஆனால் நினைவகத்தை எழுப்புவது இண்டெலின் மூடிய துண்டு. அது நடுவழி, நடுவழி என்று தெரிந்தே வாங்கலாம், முழுவிடுதலை என்று ஏமாந்து வாங்குதல் கூடாது.

வாங்குமுன் பார்க்கவேண்டியவற்றுள் தலையாயது பூட்டு. இக்காலச் சில்லுகளுள் உருகி போன்ற நுண்ணமைப்புகள் உள்ளன. தொழிற்சாலையிலேயே அவற்றை எரித்து, இன்னார் ஒப்பமிட்ட தொடக்க நிரலை மட்டுமே இயக்குக என்று பதித்துவிடுவர். எரிந்தது எரிந்ததே, பின்னர் எவராலும் மாற்றவியலாது. இண்டெல் இதற்கு இட்ட பெயர் 'பூட்டு கார்டு'. தமிழ்ச் செவிக்கு அப்பெயர் பொருத்தமாகத்தான் ஒலிக்கின்றது! பூட்டு தீயதன்று, திருடனுக்கும் அது தடையே. திறவுகோல் உடையவன் கையில் இல்லாமையே குறை. ஆகவே பலகையின் முழுப்பெயரையும் பதிப்பெண்ணையும் கோர்பூட்டின் பட்டியலோடு ஒப்பிடுக. நிறுவனத்தின் பெயர் ஒத்தால் மட்டும் போதாது. பூட்டப்பெறவில்லை என்று விற்பவரிடம் எழுத்தில் பெறுக. மாற்றுமுன் சில்லில் உள்ள பழைய நிரலைப் படியெடுத்து வைத்துக்கொள்க. தவறு நேரின் புறக்கருவியால் அதனை மீண்டும் எழுதலாம்.

பிறர் பயன்படுத்திய செயலியை வாங்குவோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஏ.எம்.டி.யின் எபிக் வகைச் செயலிகளைச் சில நிறுவனங்கள் தம் பலகையோடு பிணைத்து உருகியை எரித்துவிடுகின்றன. அதைக் கழற்றி வேறொரு நிறுவனத்தின் பலகையில் பொருத்தினால் உயிர் வராது. எந்நிறுவனத்தின் பலகையில் முன்பு இருந்தது என்பதைக் கேட்டு, பிணைக்கப்பெறாதது என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிய பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும்.