இருவராய் நின்ற நாலாண்டு: அமரர் வன்னியசிங்கம் நினைவுரை



அமரர் குமாரசாமி வன்னியசிங்கம் அவர்களைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கின்றீர்கள். 1911 ஒக்டோபர் 13இல் பிறந்து 1959 செப்டெம்பர் 14இல் மறைந்தவர் அவர். நாற்பத்தெட்டு வயது நிறையவில்லை. அக்குறுகிய வாழ்நாளில் பன்னிரண்டு ஆண்டுகள் இத்தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தார். 1947, 1952, 1956 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் உங்கள் தந்தையரும் பாட்டன்மாரும் அவரையே தெரிந்தனுப்பினர். ‘கோப்பாய்க் கோமான்’ என்று பெயரிட்டும் அழைத்தனர்.

நினைவுக் கூட்டங்களிலே புகழ்மாலை சூட்டும் வழக்கம் நம்மிடையே அளவுக்கு மிஞ்சி வளர்ந்துவிட்டது. இறந்தவர் எவராயினும் மேடையேறியதும் வள்ளலாகிறார், மேதையாகிறார், சிங்கமாகிறார். பெயரிலேயே சிங்கத்தைக் கொண்டவருக்கு அந்த உபசாரம் வேண்டியதில்லை. அவர் செய்தது யாது, செய்த வேளையில் அதற்கு விலை யாது என்பதை மட்டும் பேசுவோம்.

1947இல் அவர் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் வேட்பாளராக வென்றார். அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரைத் தாம் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராக்கியது. ஆகஸ்டு மாதத்தில் அச்சட்டம் சபைக்கு வந்தபோது காங்கிரசார் எதிர்த்தனர். செப்டெம்பரிலோ காங்கிரசின் தலைவர் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் அதே அரசாங்கத்தின் அமைச்சரானார். தலைவர் பின்னே செல்வதா, எதிர்ப்பிலே நிற்பதா? திரு. செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நிற்கத் துணிந்தனர். 1949 டிசெம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு இந்த மறுப்பே வித்து.

ஒன்றை இங்கே எண்ணிப் பாருங்கள். தேயிலைத் தோட்டம் ஒன்றேனும் இல்லாத தொகுதி கோப்பாய். இங்கே தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டம். மலைநாட்டுத் தொழிலாளியின் வாக்கு அவருக்கு ஒருநாளும் விழப்போவதில்லை. அரசாங்கப் பக்கம் சென்றிருப்பாராயின் தொகுதிக்கு வீதி கேட்கலாம், பாடசாலை கேட்கலாம், நண்பர்களுக்கு உத்தியோகமும் கேட்கலாம். தமக்கு வாக்களிக்க இயலாதவருக்காக அத்தனையையும் விட்டார். சட்டத் தொழிலிலே கட்சிக்காரனிடம் கூலி வாங்கி வாதாடுவதற்குப் பழகிய நமக்கு, கூலியில்லா இந்த வழக்கின் பெறுமதி நன்கு தெரியும்.

அமைச்சுப் பதவியால் தமிழருக்கு ஒன்றும் கிட்டவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. திரு. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்திலேயே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதன் புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும். உரிமை கண்ணுக்குத் தெரியாது. 1952 தேர்தலில் வாக்காளர் இவ்விரண்டையும் எடைபோட்டனர். காங்கேசன்துறையில் செல்வநாயகம் அவர்களே தோற்றார். ஐக்கிய தேசியக் கட்சி 54 ஆசனங்களைக் கைப்பற்றியது. தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே: திருகோணமலையில் திரு. இராஜவரோதயம், கோப்பாயில் வன்னியசிங்கம்.

அந்த நாலாண்டுகளே அவருடைய வாழ்வின் உரைகல் என்பது நமது கருத்து. 101 பேர் கொண்ட சபையிலே இருவர்! கட்சியின் வழிகாட்டி வெளியே இருக்கிறார். ‘சமஷ்டி’ என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பக்கம் சினக்கிறது, மறு பக்கம் நகைக்கிறது. கொழும்பிலே மட்டுமா நகைத்தார்கள்? யாழ்ப்பாணத்துப் படித்தவர்களில் எத்தனையோ பேர், இது மூன்று நாள் கூத்து என்றே பேசினர். கட்சியின் தலைமைப் பொறுப்பையும் தாங்கிய வன்னியசிங்கம், செல்வநாயகம் அவர்களை விலக்கிவிட்டுத் தம்மை முன்னிறுத்த முயலவில்லை. தேர்தலிலே தலைவர் கிறிஸ்தவர் என்பதைக் குற்றமாக்கிப் பேசியோர் இருந்த காலம் அது. சைவராகிய வன்னியசிங்கம் அத்தலைவரின் வலக்கரமாகவே இறுதிவரை இருந்தார்.

அக்காலத்திலேதான் சட்டத்தின் வாயிலும் அடைபட்டது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார்க்கு மட்டும் பாதகம் விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்று கூறிற்று. அதனை நம்பியே கோடாகன்பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. தன் நாட்டின் பிரசைகள் யாவரென வரையறுப்பது சட்டசபையின் இயல்பான உரிமை என்று 1953இல் அங்கே தீர்ப்பாயிற்று. சட்டத்தின் சொற்களிலே சாதியும் இனமும் எழுதப்படவில்லை; விளைவிலோ ஓர் இனமே வீழ்ந்தது. சொல்லைப் பார்த்த நீதிபதிகள் விளைவைப் பார்க்கவில்லை என்பதே நமது முடிபு. நீதிமன்றம் கைவிட்டபின் எஞ்சியிருந்த மன்றம் பாராளுமன்றம் ஒன்றே. அங்கே நமக்கு இருந்தவை இரண்டு ஆசனங்கள்.

கமக்காரரின் அடுப்பையும் அக்காலம் தொட்டது. 1953 யூலையில் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்டு 12இல் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தபோது இடதுசாரிகளோடு தமிழரசுக் கட்சியும் ஆதரவு நின்றது. அரிசிப் பசிக்குத் தமிழ்ப் பசி, சிங்களப் பசி என்ற பேதமில்லை அன்றோ! அதே ஆண்டு ஒக்டோபரில் சேர் ஜோன் கொத்தலாவலை பிரதமரானார். அமைச்சரவையில் திரு. பொன்னம்பலம் அவர்களுக்கு இடம் இல்லாமற் போயிற்று. ஒத்துழைப்பின் பலன் ஒரு கதிரையின் ஆயுள்தான் என்பதை ஐந்தாண்டுக்குள் நாடு கண்டது.

பின்வந்தவை நீங்கள் அறிந்தவை. 1956இல் இரண்டு பத்தாயிற்று. சிங்களம் மட்டும் சட்டம் வந்த யூன் 5இல் காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகிகள் அடிபட்டனர். சட்டம் நிறைவேறிற்று. 1957 யூலை 26இல் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1958 ஏப்ரல் 9இல் எழுதியவரே அதனைக் கைவிட்டார். அடுத்த மாதம் இரத்தம் சிந்தியது. யூனில் கட்சித் தலைவர்களோடு வன்னியசிங்கமும் காவலில் வைக்கப்பட்டார்.

அதன்பின் அவருக்கு வாய்த்தது ஓராண்டுக்குச் சற்று மேல். அவர் மறைந்த ஆறு மாதத்தில், 1960 மார்ச்சில், அவருடைய கட்சி 15 ஆசனங்களோடு பாராளுமன்றம் புகுந்தது. ஏப்ரலில் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் சிம்மாசனப் பிரசங்கத்தில் தோற்றபோது, அப்பதினைந்து வாக்குகளுக்கு எடை இருந்தது. இரண்டு வாக்குகளுக்கு எடையேயில்லாத காலத்தில் சபைக்குச் சென்றவர் அதைக் காண இருக்கவில்லை.

எந்த மக்களுக்காக அவர் முதன்முதலில் பிரிந்து நின்றாரோ அவர்களின் கதை இன்னும் நீண்டது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, பங்கு வழக்கிலே காணி பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை முற்றாக நீக்கவெனச் சட்டம் ஆக்கப்பட்டது 2003இல். 1948இல் சபையிலே எதிர்த்து நின்ற ஒரு சிலரின் கட்சி சரியென்று ஒப்புக்கொள்ள ஐம்பத்தைந்து ஆண்டு பிடித்தது.

பெரியோர்களே! வன்னியசிங்கம் அவர்களின் படத்துக்கு மாலையிட்டோம். அவருடைய பேச்சைப் படித்தவர் இக்கூட்டத்தில் எத்தனை பேர்? கை உயர்த்தச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டோம். அக்காலத்துப் பாராளுமன்ற விவாதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தவை. ஹன்சாட் ஏடுகளில் கிடக்கின்றன. தமிழுக்காகப் பேசியவரைக் கோப்பாய்க் கமக்காரன் தமிழில் படிக்க வழியில்லை. 1952 தொடக்கம் 1956 வரையுள்ள ஏடுகளையேனும் முதலில் எடுப்போம். சட்டத்தரணிகள் ஆண்டுக்கு ஒருவராகப் பொறுப்பேற்று மொழிபெயர்க்கட்டும். ஆசிரியர்கள் நடையைத் திருத்தட்டும். அச்சுச் செலவைத் தொகுதி மக்கள் சிறுகச் சிறுகத் தரட்டும். தொகைக்குக் கணக்கு வைத்து இதே மேடையில் வாசிக்க வேண்டும். இக்கூட்டம் கலையுமுன் பெயர் கொடுக்க விரும்புவோருக்காக வாயிலருகே ஒரு கொப்பி வைக்கப்பட்டிருக்கிறது. நமது பெயரை அதில் எழுதிவிட்டே மேடையேறினோம். 1953ஆம் ஆண்டு ஏடு நமது பங்கு.