வேலியில்லாக் காவல்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



மேய்ச்சல் புறம்போக்கைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் கூட்டங்கள் இரு கட்சியாகப் பிரிந்து விடுகின்றன. பொது நிலமென்றால் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. திறந்து விட்டால் புல்லும் மிஞ்சாது, மரமும் மிஞ்சாது. ஆகவே வேலி கட்டிப் பூட்ட வேண்டும் என்பது மறு கட்சி. சென்ற மாதம் ஓர் ஊரில் இவ்விவாதம் மாலை முழுதும் நீடித்து, முடிவு காணாமலே கலைந்தோம். அதிகாரிகளாகிய நாமும் அன்று தெளிவான விடை பகர இயலாதவர்களாய் இருந்தோம். இதே கேள்வியை எதிர்கொண்ட வேறொரு தேசத்து உழவர்கள் என்ன செய்தார்கள் என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அத்தேசம் ஸ்விட்ஜர்லாந்து. ஆல்ப்ஸ் மலைத்தொடர் அந்நாட்டின் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. கோடையில் மாடுகளை உயர்ந்த மலைப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வார்கள். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். அப்போது மாடுகள் கொட்டிலில் நின்று, சேமித்து வைத்த உலர்ந்த புல்லைத் தின்னும். மலைப் புல்வெளிகள் பல, ஊராரின் பொதுச் சொத்தாகவே இருந்து வருகின்றன.

வாலே என்னும் மாநிலத்தில் டோர்பெல் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரார் 1483-ஆம் ஆண்டிலேயே ஒன்றுகூடி, மலைப் புல்வெளி, காடு, தரிசு ஆகியவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்று எழுத்தில் பதிந்து கொண்டார்கள். 1517-இல் மேலும் ஒரு விதி செய்தார்கள். ஒருவன் குளிர்காலம் முழுதும் தன் சொந்தத் தீவனத்தைக் கொண்டு எத்தனை மாடுகளைக் காப்பாற்ற வல்லவனோ, அத்தனை மாடுகளையே கோடையில் பொதுப் புல்வெளிக்கு அனுப்பலாம். கோடைக்கென்று வெளியிலிருந்து மாடுகளை வாங்கி வந்து பொதுப் புல்லை மேய்த்து ஆதாயம் பெறும் வழி இதனால் அடைபட்டது. மீறியவருக்கு அபராதம் உண்டு. அபராதம் வசூலிக்கும் ஊர் அலுவலர் அதில் பாதியைத் தாமே வைத்துக் கொள்ளலாம் என்பதும் விதி. அவர் ஏன் கண்ணயராமல் காவல் காத்தார் என்பது உங்களுக்கு விளங்கும்! பொதுநிலங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் இவ்வூரைத் தம் நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

ஆனால் டோர்பெல் ஊரார் தங்கள் புல்வெளியின் பயனைத் தங்களுக்கே வைத்துக் கொண்டார்கள். அயலூரார் அங்கே நிலம் வாங்கினாலும் பொதுப் புல்வெளியில் அவருக்குப் பாத்தியதை கிடையாது. அப்படியாயின் அந்நாட்டு மலைகள் மற்றவர்களுக்கு மூடியவையா என்று நீங்கள் வினவலாம். அல்ல. 1907-இல் இயற்றப்பட்டு 1912 முதல் அமலில் உள்ள அந்நாட்டு சிவில் சட்டத்தின் 699-ஆம் பிரிவு, காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் ஊர் வழக்கத்துக்கு உட்பட்டு எவரும் நடந்து செல்லலாம் என்கிறது. காட்டுப் பழங்களையும் காளானையும் பறித்துக் கொள்ளவும் அனுமதிக்கிறது. சாகுபடியின் நலனை முன்னிட்டு, அதிகாரம் பெற்றவர்கள் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் தடை விதிக்கலாம். மாடு மேய்க்கும் உரிமைக்கு அளவு உண்டு; நடந்து செல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இவ்விரண்டையும் அவர்கள் ஒன்றாகக் குழப்பிக் கொள்ளவில்லை.

இனி, காவல் மிகக் கடுமையாக உள்ள ஓர் இடத்தைப் பார்ப்போம். நாட்டின் கிழக்குக் கோடியில் செர்னெட்ஸ் என்னும் ஊர் இருக்கிறது. 1909-இல் இயற்கைப் பாதுகாப்பில் ஆர்வம் கொண்ட அறிஞர்கள் அவ்வூராட்சியிடம் வந்து, குளுவோட்சா என்னும் பள்ளத்தாக்கை 25 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டார்கள். ஊரார் இசைந்தார்கள். குத்தகைப் பணத்துக்காக, ஆண்டுக்கு ஒரு பிராங்க் சந்தாவில் பொதுமக்கள் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. 1914 ஆகஸ்டு முதல் தேதியன்று அது ஸ்விஸ் தேசியப் பூங்காவாக மலர்ந்தது. இன்று அதன் பரப்பு சுமார் 170 சதுர கிலோமீட்டர். நிலத்தின் சொந்தக்காரர்கள் இன்றும் ஊராட்சிகளே. அரசு அவற்றுக்கு ஆண்டுதோறும் ஈட்டுத்தொகை வழங்குகிறது.

அங்கே வேட்டை இல்லை, மரம் வெட்டுதல் இல்லை, மேய்ச்சலும் இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை! ஏழையும் செல்வரும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதைகள் உண்டு. பாதையை விட்டு விலகக் கூடாது. பூப் பறிக்கக் கூடாது. நாயைக் கயிற்றில் பிடித்தும் கொண்டுவரக் கூடாது. பனிக்காலத்தில் விலங்குகள் அமைதியாக வாழும்பொருட்டு மனிதர் நுழைவதற்கே இடமில்லை. அப்பிரதேசத்தில் அற்றுப்போயிருந்த மலையாட்டினத்தை 1920-இல் மறுபடியும் கொண்டுவந்து விட்டார்கள். அது இன்று அங்கே நிலைத்து வாழ்கிறது.

ஊராரின் சம்மதம் இதில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று கூறுகிறோம். 2000-ஆம் ஆண்டில் லாவின் ஊரின் மாகுன் ஏரிப் பகுதி பூங்காவுடன் சேர்க்கப்பட்டது. பூங்காவைச் சுற்றி மேலும் ஒரு வளையப் பகுதி அமைக்கும் திட்டமும் அப்போது இருந்தது. முதன்முதல் நிலம் தந்த அதே செர்னெட்ஸ் ஊரார் வாக்களித்து அதனை மறுத்துவிட்டார்கள். வளையம் அமையவில்லை, ஆனால் முன்பு இசைந்து தந்த நிலத்தின் காவலை ஊரார் கைவிடவும் இல்லை. மறுக்கும் உரிமை உள்ள ஊரார் அளிக்கும் சம்மதமே உறுதியாக நிற்கும் என்று நாம் கருதுகிறோம்.

பெருமக்களே! அவர்களுடைய மலை வேறு, நம்முடைய மண் வேறு. பனிக்காலக் கணக்கு நமக்குப் பொருந்தாது. கோடை வறட்சிக் கணக்கே நமக்குப் பொருந்தும். வைகாசியில் தன் வைக்கோலைக் கொண்டு எத்தனை மாடுகளை ஒருவர் காப்பாற்ற முடியும் என்று வீட்டுக்கு வீடு கேட்டுப் பாருங்கள். நிலமற்ற ஏழையின் இரண்டு ஆடுகள் இக்கணக்கில் அடிபட்டுப் போகாமல் அவற்றுக்குத் தனி இடம் வையுங்கள். புறம்போக்கின் ஒரு பகுதி முறை வைத்து ஓய்வு பெறட்டும். நடைபாதையையும் குளத்துக்குச் செல்லும் வழியையும் எவரும் அடைக்காதிருக்கட்டும். காவற்காரர் யார், மீறினால் என்ன தண்டம் என்பதைச் சட்டத்துக்கு உட்பட்டு, அடுத்த கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் எழுதி வையுங்கள்.

வேலிக் கம்பிக்குப் பணம் கேட்டு எம் அலுவலகத்துக்கு மனுக்கள் வருகின்றன. அம்மனுக்களை நாம் ஒதுக்கப் போவதில்லை. ஆனால் மனுவோடு, ஊரார் கையெழுத்திட்ட இத்தகைய விதிகள் அடங்கிய தாளொன்றும் வருமாயின், அதனையே முதலில் எடுத்துப் படிப்போம்.