பிள்ளையின் கையிற் கட்டிய கயிறு

(பங்குனிப் பெருவிழாவில், அறுபத்துமூவர் திருநாளன்று நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



இன்று மாலை நாயன்மார் அறுபத்துமூவரும் திருவீதியில் எழுந்தருளிய காட்சியைக் கண்ணாரக் கண்டோம். அக்கூட்டத்தின் நடுவே, தந்தையின் தோள்மேல் அமர்ந்திருந்த குழந்தை ஒன்று, ஒவ்வொரு திருமேனியையும் சுட்டி, “இவர் யார்? இவர் யார்?” என்று கேட்டவண்ணம் இருந்தது. தந்தையாரும் சலிப்பின்றி விடை கூறிவந்தார். அந்த வினாவையே இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொள்ள விழைகின்றேன். ‘இவர் யார்’ என்று ஒரு குழந்தை கேட்குமிடத்து நாம் எதைச் சொல்கிறோம்? அவர் செய்த தொண்டைச் சொல்கிறோமா? பிறந்த குலத்தைச் சொல்கிறோமா? இதனைச் சிறிய வேறுபாடு என்று எண்ணிவிடுதல் கூடாது. பிள்ளை நாளை மனிதர்களை எவ்வாறு காணும் என்பது இந்த விடைகளைப் பொறுத்தே அமைகிறது.

விழாவின் தொடக்கத்தில் சிவாசாரியாருக்குக் காப்புக் கட்டினோம். அந்தக் கயிறு ஒரு விரதத்தின் அடையாளம். அதனைக் கட்டிக்கொண்டவர், விழா நிறைவெய்தும்வரை இறைவன் பணிக்கே உரியவராகிறார். ஆயின் இன்று நம் பிள்ளைகள் சிலர் கையில் வேறொரு கயிறும் காணப்படுகிறது. தமிழகத்துப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டி வருகிறார்கள் என்று 2019ஆம் ஆண்டில் பள்ளிக்கல்வித் துறையின் சுற்றறிக்கையே எடுத்துக் கூறிற்று. 2023 ஆகஸ்டுத் திங்களில் நாங்குநேரியில் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், அவன் பயின்ற பள்ளியின் மாணவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அதன் பின்னர் அரசு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, அந்த வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது.

தடை வேண்டுவதே. ஆனால் கையிலுள்ள கயிற்றை ஆசிரியர் அறுத்துவிடலாம். மனத்திலுள்ள கயிற்றை யார் அறுப்பது? அதனைக் கட்டியவர் யார்?

சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என முப்பொருள் கூறும். பாசம் என்னும் சொல்லுக்குக் கயிறு என்பதே பொருள். உயிரைக் கட்டி நிறுத்துவதாகலின் அது பாசமாயிற்று. ஆணவம் உயிரோடு உடனிருப்பது, செம்பிற் களிம்பு போல. அதனை நீக்குவது இறைவன் திருவருளின் செயல். சாதிப்பெருமையோ நாமே திரித்து, நாமே பிள்ளைக்குக் கட்டிவிடும் கயிறு. “அது இரத்தத்தில் ஊறியது, பிறவியிலேயே வருவது” என்று சிலர் கூறுவர். அக்கூற்று மெய்யாயின் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மெய்தானா என்று பார்ப்போம்.

உளநூலார் மூன்று திங்கட் குழந்தைகளை வைத்து ஆராய்ந்தனர். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு இது. இஸ்ரேலில் வாழும் வெள்ளைநிறக் குழந்தைகள் வெள்ளைநிற முகங்களையே நெடுநேரம் நோக்கின. எத்தியோப்பியாவிலிருந்த கருநிறக் குழந்தைகள் கருநிற முகங்களையே நெடுநேரம் நோக்கின. ஆனால் எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்கு வந்த குடும்பங்களில், இருவகை முகங்களையும் நாள்தோறும் கண்டு வளர்ந்த கருநிறக் குழந்தைகளோ, இரண்டினையும் ஒப்பவே நோக்கின. இதனால் அறிவது என்ன? பிள்ளை நாடியது தன் இனத்தையன்று. தான் கண்டு பழகிய முகத்தை. யாரோடு பழகவிடுகிறோமோ அவரே அதற்கு ‘நம்மவர்’ ஆகின்றார்.

இன்னும் ஒன்று. பொருள்களை வகைப்படுத்துதல் பிள்ளையின் அறிவுக்கு இயல்பு. பூ இது, காய் இது, பசு இது, நாய் இது என்று பிரித்தறிந்தே அது உலகைக் கற்கிறது. அந்த ஆற்றல் குற்றமன்று. இறைவன் தந்த கண்போன்றது. ஆனால் மனிதரிடையே உள்ள எண்ணற்ற வேறுபாடுகளுள் எது பொருட்படுத்தத் தக்கது என்பதை அது தானாக அறியாது. நம் முகத்தைப் பார்த்தே அறிகிறது. அமெரிக்காவில் ரெபெக்கா பிக்லர் என்னும் உளநூற் பேராசிரியரும் உடன் பணியாற்றியோரும் 1997இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கோடைக்காலப் பள்ளியொன்றில் ஆறு முதல் ஒன்பது வயதுவரையுள்ள பிள்ளைகளுட் சிலருக்கு நீலச் சட்டையும் சிலருக்கு மஞ்சட் சட்டையும் அளித்தனர். சில வகுப்புகளில் ஆசிரியர், “நீலச் சட்டையினர் இப்பக்கம், மஞ்சட் சட்டையினர் அப்பக்கம்” என்று நிறத்தைச் சொல்லியே வகுப்பை நடத்தினார். பிற வகுப்புகளிலும் அதே சட்டைகள்தாம். ஆசிரியர் நிறத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சில வாரங்கள் சென்றபின், முதல்வகை வகுப்புகளின் பிள்ளைகள் தம் நிறத்தாரே உயர்ந்தோர் என்று கருதலாயினர். இரண்டாம் வகை வகுப்புகளில் அவ்வெண்ணம் முளைக்கவில்லை. சட்டை பிரிக்கவில்லை, அன்பர்களே! ஆசிரியரின் சொல்லே பிரித்தது.

சொல்லிலும் எவ்வகைச் சொல் தீங்கு செய்கிறது என்று 2012இல் மார்ஜரி ரோட்ஸ் என்னும் அறிஞரும் பிறரும் ஆராய்ந்தனர். உலகில் இல்லாத ஒரு கூட்டத்தாரைக் கற்பித்து, அவர்களைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றை நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினர். சிலரிடம் “இவர் இப்படிச் செய்கிறார்” என்று ஒருவரைச் சுட்டிச் சொன்னார்கள். சிலரிடம் “அந்தக் கூட்டத்தார் இப்படிச் செய்வார்கள்” என்று பொதுப்படச் சொன்னார்கள். பொதுச்சொல் கேட்ட பிள்ளைகளே, அத்தன்மைகள் அக்கூட்டத்தாரின் பிறவிக் குணம், மாறாதவை என்று நம்பத் தலைப்பட்டனர்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் பிள்ளையை அழைத்து, “இன்னாரை இழிவாக எண்ணு” என்று நாம் கற்பித்ததுண்டா? இல்லை. ஆனால் உணவு வேளையில், “அந்த ஆட்களே அப்படித்தான்” என்று ஒரு சொல் உதிர்க்கிறோம். வேலைக்கு வரும் அம்மைக்குத் தனிக்குவளை வைத்திருக்கிறோம். அவர் நீர் கேட்டால், குவளையைத் தொடாமல் உயரத் தூக்கி வார்க்கிறோம். தோழன் ஒருவன் வீட்டுக்கு வந்தால், அவன் சென்றபின் “எந்தத் தெரு?” என்று கேட்கிறோம். ஓரத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை இவை அனைத்தையும் பார்க்கிறது. பாடநூலில் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல்’ என்று படிக்கும் அதே பிள்ளை, வீட்டில் தனிக்குவளையைக் காண்கிறது. எதனை நம்பும்? நூலை மறக்கும், குவளையை மறவாது.

பெரியபுராணத்தில் இதற்கு நேர்மாறான இல்லம் ஒன்று உண்டு. திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள் அந்தணர். திருநாவுக்கரசரோ வேளாளர் குலத்தவர். அவரை நேரிற் காணுமுன்னரே, அவர் தொண்டினைக் கேள்வியுற்ற அளவிலேயே, அப்பூதியார் தம் மக்களுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். தண்ணீர்ப் பந்தலுக்கும் அப்பெயரே. அந்தப் பிள்ளைகள் எவ்வாறு வளர்ந்திருப்பர் என்று சிந்தியுங்கள். வேறு குலத்தில் தோன்றிய ஒருவரின் பெயரைத் தம் பெயராகவே நாள்தோறும் கேட்டு வளர்ந்தனர். ‘பெரியவர் என்பவர் தொண்டினால் பெரியவர்’ என்னும் பாடத்தை அவர்களுக்குத் தனியே நடத்த வேண்டியதில்லை. தந்தை அழைக்குந்தோறும் அது காதில் விழுந்தது.

மற்றொரு வரலாறு. திருஞானசம்பந்தர் சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார் இல்லத்துக்கு எழுந்தருளினார். உடன் வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியாரும். பாணர் குலத்தாரை அக்காலத்தார் வீட்டினுள் சேர்ப்பதில்லை. இரவில் பாணர் தங்குவதற்கு இடம் தருமாறு சம்பந்தப் பிள்ளையார் கேட்டார். நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை, கொல்லையைக் காட்டவில்லை. நடுமனையில், வேள்வித்தீ வளரும் வேதிகையின் பக்கத்தே இடமளித்தார். தீ அணைந்ததா? இல்லை, வலமாகச் சுழித்து மேலோங்கி எழுந்தது என்கிறார் சேக்கிழார். கேட்டவர் இளம்பிள்ளை, கேட்டுத் திருந்தியவர் வயதில் மூத்த வேதியர். பெரியவர் கற்பித்த வேலியைப் பிள்ளையின் வினா திறந்துவிட்டது.

பிள்ளைகள் இன்றும் கேட்கிறார்கள். நாம்தாம் விடை சொல்ல அஞ்சுகிறோம். என் குறை ஒன்றை இவ்வவையில் மறையாது சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் திருநாளைப்போவார் வரலாற்றைச் சொல்லி முடித்தேன். முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, “ஐயா, மற்றவர்கள் எல்லாரும் அப்படியே கோயிலுக்குள் போனார்களே, அவர் மட்டும் ஏன் நெருப்பில் இறங்கிப் போக வேண்டும்?” என்று கேட்டாள். கூட்டம் அமைதியாயிற்று. நான், “அது ஆண்டவன் திருவிளையாடல், அம்மா” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டேன். அவள் ஊருக்குப் புறத்தேயுள்ள குடியிருப்பிலிருந்து வந்தவள் என்று பின்னர் அறிந்தேன். என் விடை அக்குழந்தைக்கு எதைக் கற்பித்திருக்கும்? ‘உன்னை வெளியே நிறுத்தியதும் ஆண்டவன் செயலே’ என்றன்றோ அவள் கொண்டிருப்பாள்? அன்று நான் வாய்மை சொல்லத் தவறினேன்.

இத்தகைய தவறு பிள்ளையை என்ன செய்யும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இருவர், உத்தரப்பிரதேசத்துச் சிற்றூர்ச் சிறுவர்களுக்குப் புதிர்வழிப் படங்களைக் கொடுத்து, வழி கண்டுபிடிக்கச் செய்தனர். சாதியை யாரும் குறிப்பிடாதபோது உயர்ந்தோர் எனப்பட்டவரின் பிள்ளைகளும் தாழ்ந்தோர் எனப்பட்டவரின் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே திறமையைக் காட்டினர். எல்லார் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் சேர்த்து அறிவித்தபின், தாழ்த்தப்பட்டவரின் பிள்ளைகளது திறமை குறைந்தது. 2006இல் அச்சான ஆய்வு இது. அறிவு குறைந்ததா? இல்லை. ஒரு சொல் கயிறாகி அக்குழந்தையின் கையைக் கட்டிற்று.

திருநாளைப்போவார் வரலாற்றிலும் இதுவே இருக்கிறது. ஆதனூரில் பிறந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்த அப்பெருந்தகை, தில்லைக்கு வந்தும் உட்புக அஞ்சி, எல்லையையே வலம் வந்து நின்றார். அந்த அச்சம் அவரோடு பிறந்ததன்று. ஊர் அவருக்குக் கற்பித்தது. திருப்புன்கூரில் இறைவன் என்ன செய்தான்? நந்தியை விலகச் சொன்னான். நந்தனாரை விலகச் சொல்லவில்லை. அன்று அச்சிறுமிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: “அம்மா, நல்ல கேள்வி கேட்டாய். அவரிடம் குறை ஒன்றுமில்லை. அவரை வெளியே நிறுத்தியவர்களிடமே குறை இருந்தது. அக்குறை தீர நெடுங்காலம் ஆயிற்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதையர் முன்னின்று தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8ஆம் நாளிலேதான். மனிதர் கட்டியதை மனிதரே அவிழ்த்தார்கள். எஞ்சியிருப்பதை நாம் அவிழ்க்க வேண்டும்.”

ஒருவர் கேட்கலாம்: “அப்படியாயின் பிள்ளைகளிடம் சாதியைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டால் போதாதா?” போதாது, அன்பர்களே. அந்தச் சட்டை வகுப்பில் ஆசிரியர் நிறத்தைக் குறிப்பிடாதிருந்தது பயன் தந்தது; ஏனெனில் அங்கே வகுப்பறைக்கு வெளியே அந்நிறங்களுக்குப் பொருளில்லை. நம் ஊரிலோ தெருவும் சுடுகாடும் சுவரொட்டியும் நாள்தோறும் பாடம் நடத்துகின்றன. நாம் வாளாவிருந்தால் பிள்ளை அவற்றிடமே கற்கும். ஆகவே மூன்று செயல்களை வேண்டிக்கொள்கிறேன். ‘அவர்களே அப்படித்தான்’ என்னும் சொல்லை நம் நாவிலிருந்து விலக்குவோம். ஒருவர் செய்ததை அவர் பெயரால் மட்டும் சொல்வோம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் நம் நடுமனையில் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும். பிள்ளை கேட்கும்போது, கசப்பாயினும் உண்மையைச் சொல்வோம்.

குயவர் திருநீலகண்டர், பரதவர் அதிபத்தர், வேடர் கண்ணப்பர், வண்ணார் திருக்குறிப்புத்தொண்டர், வணிகர் குலத்துக் காரைக்காலம்மையார், அரசராகிய சேரமான் பெருமாள் எல்லாரும் இன்று ஒரே வீதியில், ஒரே வரிசையில் எழுந்தருளினர். சேக்கிழார் அவர்கள் குலத்தை மறைக்கவில்லை. ஆனால் நாம் கைகூப்பியது குலத்துக்கன்று. “இவர் யார்?” என்று பிள்ளை கேட்டால், “வலையில் விழுந்த பொன்மீனையும் இறைவனுக்கென்று கடலில் விட்டவர்” என்று சொல்லுங்கள். “தன் கண்ணைத் தந்தவர்” என்று சொல்லுங்கள். பிள்ளை வீட்டுக்குத் திரும்பும்போது அதுவே நெஞ்சில் நிற்கும்.

விழா முடிவில் காப்பை அவிழ்ப்பது மரபு. விரதம் முடிந்ததும் சிவாசாரியார் கைக்கயிறும் அவிழ்க்கப்படும். இறைவன் பணிக்கெனக் கட்டிய கயிற்றுக்கே ஒரு முடிவு உண்டாயின், அயலானை வெறுப்பதற்கெனக் கட்டிய கயிறு பிள்ளையின் கையில் இன்னும் இருத்தல் தகுமோ? இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் பிள்ளையின் கையைப் பாருங்கள். அங்கே கயிறு இருந்தால் அன்போடு பேசி அவிழ்த்துவிடுங்கள். இல்லையெனில், நம் நாவிலும் நம் குவளையிலும் அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

அம்மையப்பர் திருவருள் அனைவர்க்கும் கூடுவதாக.

திருச்சிற்றம்பலம்.