பழைய டிக்கெட் நம்பர் எங்க போச்சு?

ஒரு டீம் ஜிராவுல இருந்து கிட்ஹப் இஷ்யூஸுக்கு மாறுதுன்னு வச்சுக்கோங்க. மொத்தம் 1,200 டிக்கெட். "சி.எஸ்.வி எடு, ஒரு லூப் போடு, முடிஞ்சுது"ன்னு யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க. லூப் எழுதறது சுலபம்தான். ஆனா அது ஓடி முடிச்ச பிறகு ஒவ்வொரு டிக்கெட்டும் எதை இழந்திருக்கும்? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல டூல். கிட்ஹப்போட கமாண்ட் லைன் டூல் பேரு 'ஜி.ஹெச்'. 1.0 வெர்ஷன் 2020 செப்டம்பர்ல வந்தது. டெர்மினல்ல 'ஜி.ஹெச் இஷ்யூ லிஸ்ட்'னு அடிச்சா, திறந்திருக்கிற டிக்கெட்டுகளைக் காட்டும். ஆனா நீங்க எதுவும் சொல்லலைன்னா 30 மட்டும்தான் வரும். மீதியும் வேணும்னா 'லிமிட்' கொடுக்கணும், மூடினதும் சேர்த்து வேணும்னா 'ஸ்டேட் ஆல்' கொடுக்கணும். இம்போர்ட் சரியா வந்துச்சான்னு எண்ணிப் பார்க்கிறப்போ இது ஞாபகத்துல இருக்கட்டும்.

புது டிக்கெட் போட 'ஜி.ஹெச் இஷ்யூ கிரியேட்'. தலைப்பு, விவரம், லேபிள் கொடுக்கலாம். லேபிள் அந்த ரெப்போவுல ஏற்கெனவே இருக்கணும், இல்லைன்னா எரர் வரும். அதனால லேபிள்களை முதல்ல உருவாக்கிடுங்க.

இப்போ இழப்புக் கணக்குக்கு வருவோம். இப்படிப் போடுற டிக்கெட்ல எழுதினவர் பேரு, யாரோட லாகின்ல ஸ்கிரிப்ட் ஓடுதோ அவங்க பேரா மாறிடும். தேதி இன்னைக்குத் தேதியா ஆயிடும். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டெஸ்டர் ராத்திரி கண்ணு முழிச்சுக் கண்டுபிடிச்ச பக், இன்னைக்குக் காலையில நீங்க போட்ட மாதிரி தெரியும். அப்ரைசல் வர்றப்போ அவங்க வேலைக்கு அந்த டிக்கெட்தான் சாட்சி. அது போச்சுன்னா யாரும் கேட்கவும் மாட்டாங்க, அவங்களா எடுத்துச் சொல்லவும் கூச்சப்படுவாங்க. அதனால விவரத்தோட முதல் வரியிலயே பழைய நம்பர், எழுதினவர், தேதி மூணையும் எழுத வைங்க. உங்க ஸ்கிரிப்ட்ல இது ஒரே ஒரு வரி.

அடுத்து நம்பர். கிட்ஹப்ல நம்பரை நாம தேர்ந்தெடுக்க முடியாது. இஷ்யூவும் புல் ரிக்வெஸ்டும் ஒரே வரிசையில நம்பர் வாங்கும். இம்போர்ட் ஓடிட்டிருக்கும்போது ஒருத்தர் புல் ரிக்வெஸ்ட் போட்டாலே கணக்கு தள்ளிப்போயிடும். பழைய விவரத்துல "ஹேஷ் 42 பார்க்கவும்"னு இருந்தா, கிட்ஹப் அதைப் புது 42-க்கு லிங்க் ஆக்கிடும். லிங்க் உடைஞ்சிருந்தா கண்ணுல படும். இது சம்பந்தமே இல்லாத இடத்துக்கு அழகா வேலை செய்யும், அதான் ஆபத்து.

இதுக்கு ரெண்டு சுற்று ஓட்டணும். முதல் சுற்றுல டிக்கெட் உருவாகும்போது 'ஜி.ஹெச்' புது டிக்கெட்டோட லிங்க்கைத் திருப்பித் தரும். அதுல இருக்கிற நம்பரைப் பழைய நம்பர் பக்கத்துல ஒரு ஃபைல்ல உடனே எழுதிடுங்க. ரெண்டாவது சுற்றுல அந்த ஃபைலைப் பார்த்து, 'ஜி.ஹெச் இஷ்யூ எடிட்' வச்சு உள்ளே இருக்கிற நம்பர்களை மாத்துங்க.

அந்த ஃபைலுக்கு இன்னொரு உபயோகமும் இருக்கு. 700-வது டிக்கெட்ல நெட் போயிடுச்சுன்னா, மறுபடி ஓட்டும்போது ஃபைல்ல இருக்கிறதை ஸ்கிரிப்ட் தாண்டிப் போகணும். இல்லைன்னா 700 டிக்கெட்டும் ரெண்டு ரெண்டா நிக்கும்.

வேகம் எவ்வளவு போகலாம்? புதுசா உருவாக்குற வேலைகளுக்கு, பொதுவா நிமிஷத்துக்கு 80, மணிக்கு 500-க்கு மேல போகக்கூடாதுங்கிறது கிட்ஹப் வச்சிருக்கிற வரம்பு. 500-ங்கிறது சுமார் 7 செகண்டுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 8 செகண்ட் இடைவெளி விடுங்க. 1,200 டிக்கெட் உருவாக்கவே 2 மணி 40 நிமிஷம் ஆகும். மூடறதும் திருத்தறதும் தனி. மேனேஜர்கிட்ட "அரை மணி நேர வேலை"ன்னு வாக்கு கொடுத்துடாதீங்க!

சி.எஸ்.வி-யை கமா பார்த்து வெட்டாதீங்க. விவரத்துக்குள்ளேயே கமாவும் புது வரியும் இருக்கும். பைத்தானோட சி.எஸ்.வி மாட்யூல் அதைச் சரியாப் படிக்கும். ஜிராவுல வரி ஆரம்பத்துல ஹேஷ் போட்டா நம்பர் லிஸ்ட், மார்க்டவுன்ல அதுவே தலைப்பு. மாத்தாம விட்டா விவரம் முழுக்கப் பெரிய எழுத்துல கத்தும்.

'அட்' போட்டு எழுதின பேர்களையும் கவனிங்க. பப்ளிக் ரெப்போன்னா, அதே பேர்ல கிட்ஹப்ல இருக்கிற முன்பின் தெரியாத ஒருத்தருக்கு உங்க பழைய டிக்கெட் நோட்டிஃபிகேஷனாப் போய் நிக்கும். அந்தப் பேரை பேக்டிக் குறிகளுக்குள்ள வச்சிட்டா போகாது.

கமிட் மெசேஜ்ல இருக்கிற பழைய நம்பரை மாத்தறது நடைமுறைக்கு ஒத்துவராது. மூடின டிக்கெட்டையும் கொண்டு வாங்கன்னு நான் சொல்றது இதனாலதான். "இந்த கோடு ஏன் இப்படி இருக்கு?"ன்னு புதுசா சேர்ந்தவர் கேட்டா, கமிட்ல இருக்கிற பழைய நம்பரை 'சர்ச்' கொடுத்துத் தேடினா காரணம் கிடைக்கணும்.

நேரா நிஜ ரெப்போவுல ஓட்டாதீங்க. தனியா ஒரு பிரைவேட் ரெப்போ வச்சு 10 டிக்கெட் போட்டுப் பாருங்க. அந்தப் பத்தும் இருக்கிறதுலயே மோசமானதா இருக்கட்டும்: நீளமான விவரம், தமிழ் எழுத்து, டேபிள், நாலு பேர் பேரு. அது சரியா வந்தா மீதி 1,190-ஐ நம்பி ஓட விடலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.