அலாரம் அடித்தால் யார் வருவார்?
குறைந்த செலவில் வீட்டு அலாரம்: காலாண்டுக் கூட்டத்தில் பாதுகாப்புக் குழு சார்பில் ஆற்றிய உரை



கோடை விடுமுறை வருகிறது. இன்னும் சில வாரங்களில் நம் குடியிருப்பில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். இன்னொரு பக்கம், பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் தனியாக இருக்கும் வீடுகளும் இங்கே உண்டு. "அலாரம் வாங்கலாமா, எது வாங்கலாம், எவ்வளவு ஆகும்?" என்று இரண்டு தரப்பினரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

கடையில் விலை கேட்பதற்கு முன் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அலாரம் அடித்தால் யார் வருவார்? கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். அலாரம் நடக்கும்போதே ஆளைக் கூப்பிடும். கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லையென்றால் இருபதாயிரம் ரூபாய் கருவியும் வெறும் சத்தம்தான். ஆள் இருந்தால் குறைந்த விலைக் கருவியே நன்றாக வேலை செய்யும். தனி வீட்டுக்காரர்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது: எதிர் வீடு, மேல் வீடு, வாசலில் செக்யூரிட்டி.

அடுத்து, உங்கள் வீட்டுக்குள் வர எத்தனை வழி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நடு மாடிகளில் பெரும்பாலும் வாசல் கதவு, பால்கனி, சர்வீஸ் பால்கனி, அவ்வளவுதான். தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஜன்னல்களையும், கடைசி மாடியில் இருப்பவர்கள் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வழி உள்ள வீட்டுக்குப் பத்து சென்சார் உள்ள பெட்டி தேவையில்லை.

இனி கருவிகள். மிக எளியது கதவு சென்சார். கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சென்சார். இரண்டும் விலகினால் சைரன் அடிக்கும். பேட்டரியில் ஓடும் தனி அலாரம் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இதை வெளியே உள்ள இரும்பு கிரில் கேட்டில் ஒட்டாதீர்கள். இரும்பு காந்தத்தின் வேலையைக் கெடுக்கும். உள்ளே இருக்கும் மரக்கதவில் பொருத்துங்கள்.

இரண்டாவது, அறைக்குள் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார். இது உடம்புச் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து வேலை செய்கிறது. மே மாதம் பூட்டிய வீட்டுக்குள் அறையே உடம்பளவு சூடாகிவிடும். அப்போது சென்சாரின் கூர்மை குறையும். வெப்பநிலைக்கு ஏற்ப தன்னைச் சரிசெய்துகொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். டியூப்லைட் பக்கத்தில் வைக்காதீர்கள். பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும், பல்லி சென்சார் மேல் ஊர்ந்தால் நள்ளிரவில் அலாரம் அடிக்கும். நாலு முறை வீணாக அடித்துவிட்டால், ஐந்தாவது முறை எதிர் வீட்டுக்காரர் எழுந்து வரமாட்டார்.

மூன்றாவது, ஊரில் இல்லாத உங்களுக்குச் செய்தி எப்படி வரும்? வைஃபை மூலம் வருவது மலிவு. ஆனால் மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை முதல் மதியம் வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளில் ரூட்டரும் நின்றுவிடும். ரூட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வைத்தால் சமாளிக்கலாம். சிம் கார்டு போடும் கருவி என்றால் அது 2ஜி மட்டுமா, 4ஜியும் உண்டா என்று பாருங்கள். 2ஜி கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்துவிட்டாலும் செய்தி வராது. பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

விலையைப் பார்க்கும்போது மாதக் கட்டணத்தையும் கேளுங்கள். மாதம் 300 ரூபாய் என்றால் ஐந்து வருடத்தில் 18,000 ரூபாய். பேட்டரி நம் தெருக்கடையில் கிடைக்கும் வகைதானா, பழுதானால் உள்ளூரில் பார்ப்பார்களா என்பதும் விலையில் சேர்ந்ததுதான்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத் திருடனைவிட, குளியலறையில் வழுக்கி விழுவதுதான் பெரிய ஆபத்து. அலாரம் வாங்கினால் அவசர பட்டன் உள்ள ரிமோட்டோடு வாங்குங்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். டிவி மேல் வைத்தால் பயனில்லை. குளியலறைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதால், தண்ணீர் பட்டால் கெடாததாகக் கேட்டு வாங்குங்கள். பட்டனை அழுத்தினால் முதல் அழைப்பு அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அல்ல, எதிர் வீட்டுக்குப் போகட்டும். மகனுக்கு இரண்டாவதாகப் போகட்டும்.

கடைசியாக, குழுவின் வேண்டுகோள் மூன்று. அலாரம் வைத்திருப்பவர்கள், அடித்தால் கூப்பிட வேண்டிய இரண்டு எண்களைச் செக்யூரிட்டி அறையில் எழுதிக் கொடுங்கள். ஒரு எண்ணாவது இதே பிளாக்கில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை, பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு, பகலில் அடித்துப் பாருங்கள். கதவுகள் சாத்தியிருக்கும்போது அவர்கள் வீட்டுக்குள் கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்குப் போகும் முன் காவல் நிலையத்திலும் தகவல் சொல்லுங்கள். யார் வீட்டிலாவது அலாரம் கேட்டால் தனியாகக் கதவைத் தட்டப் போகாதீர்கள். செக்யூரிட்டியை அழைத்துக்கொள்ளுங்கள், 112-க்குப் போன் செய்யுங்கள்.

வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் அந்த இரண்டு எண்களுக்குச் செலவே இல்லை. அலாரம் இல்லாத வீட்டுக்காரர்களும் இன்று போகும்போது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.